நீ கேட்ட ஃபைலை நான் அனுப்பவில்லை, சீனு

சீனு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட ஃபைலை நான் அனுப்பப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசிப் பக்கம் வரை "ஃபைல் எக்கட?" என்று தேடிக்கொண்டே படிப்பாய். ஃபைலுக்குப் பதிலாக ஒரு காகிதக் கட்டு வருகிறது. பழைய குக்கர் வந்த அட்டைப்பெட்டியில் வைத்து, சணல் கயிறு கட்டி அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். அவரே நேரில் கொண்டுவந்து தருவார். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அதைப் பிரிக்காதே. அம்மா சொல்லி நீ கேட்காத நாளே கிடையாது. நான் இப்போது வெட்கப்படுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

தமிழில் எழுதியிருக்கிறேன் என்று முகம் சுளிக்காதே. நான் தமிழில் கேட்பேன், நீ தெலுங்கில் பதில் சொல்வாய், முப்பது வருஷமாக நம் வீட்டில் பேச்சு அப்படித்தான் ஓடுகிறது. கோடை லீவில் தினசரி காலண்டர் தாளைக் கிழித்துக் கிழித்து நான் சொல்லிக்கொடுத்த எழுத்துதான் உனக்குத் தெரிந்த தமிழ் எழுத்து. கூட்டிக் கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகப் படிப்பாய். எனக்கு வேண்டியதும் அதுதான். இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் என் கை தன்னால் ரிப்போர்ட் எழுத ஆரம்பித்துவிடுகிறது. யார் செய்தார்கள், யார் செய்யவில்லை என்று ஒரு இடத்திலும் சொல்லாமல் பத்துப் பக்கம் எழுதுகிற வித்தை அந்தப் பாஷையில் எனக்கு நன்றாக வரும். உன்னிடம் தமிழில் எழுதும்போது அந்த ஜாலம் நடக்காது. நான் செய்தேன் என்றுதான் எழுதியாக வேண்டும்.

நீ போனில் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? உன் காலேஜில் புரோகிராம் அசெஸ்மெண்ட் வேலையை இந்த வருஷம் உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்றாய். "அம்மா, நீ பாத ஃபைல் ஒகசாரி பம்பு, அதே மாடல்லா வாடுகுண்டானு" என்றாய். என் பழைய ஃபைலை அப்படியே மாதிரியாக வைத்துக்கொள்கிறாயாம். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீயே சிரித்துக்கொண்டு, அதுவரை தெலுங்கில் பேசினவன், அந்த ஒரு வரியை மட்டும் தமிழில் சொன்னாய். "எனக்கு இதெல்லாம் தானா வராதும்மா. நான் மக்குதானே." விளையாட்டாகச் சொன்னாய். நான்தான் அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்த வார்த்தைக்கு உனக்குத் தெலுங்கு தெரியாதா, இந்தி தெரியாதா? தெரியும். ஆனால் அந்த வார்த்தையை உனக்குக் கொடுத்தவள் நான். கொடுத்த பாஷையிலேயே நீ பத்திரமாக வைத்திருக்கிறாய்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஜீடிமெட்லாவைத் தாண்டி இருக்கிற எங்கள் பார்மஸி காலேஜில் இந்த வேலை எனக்கு வந்தபோது நீ ஒன்பதாம் வகுப்பு. அதுவரை நான் வெறும் அனாலிசிஸ் டீச்சர். பிரின்சிபால் கூப்பிட்டு, "மேடம், இது உங்களுக்கு நல்லா வரும்" என்றார். எனக்கும் ஆசைதான். படித்து முடித்துப் போகிற பிள்ளைக்கு என்ன வந்திருக்கிறது, என்ன வரவில்லை என்று டிபார்ட்மெண்ட் தன்னைத் தானே சோதித்துக்கொள்கிற வேலை அது. பிள்ளைக்கு மார்க் போடுவது வேறு, இது வேறு. இதில் மார்க் வாங்குவது நாம், நம் பாடத்திட்டம், நாம் சொல்லிக்கொடுத்த லட்சணம். நாலு வருஷம் கழித்து இவன் என்னவெல்லாம் செய்யத் தெரிந்தவனாக வெளியே போக வேண்டும் என்று முதலில் எழுதுகிறோம். அது வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று முடிவு செய்கிறோம். பார்க்கிறோம். வராதது எது என்று தெரிந்ததும் நம் பாடத்தை மாற்றுகிறோம், மறுபடி பார்க்கிறோம். இதற்கு மேல் அதில் ஒரு மாயமும் இல்லை. முதல் வருஷம் நான் அதை ஒழுங்காகத்தான் செய்தேன், சீனு. இதை நம்பு. கடைசி வருஷப் பிள்ளைகளை ஒவ்வொருவராக லேபுக்குக் கூப்பிட்டேன். ஒரு மருந்தை எடை போட்டு, நான் சொல்கிற அளவில் ஒரு கரைசல் செய்து காட்டு என்றேன். பக்கத்தில் நின்று பேசாமல் பார்த்தேன். பாதிப் பேருக்குமேல் தராசைத் தொடவே பயந்தார்கள். நாலு வருஷமும் நாலு பேர் சேர்ந்து ஒரு மேஜையில் நின்றார்கள், அதில் ஒருவன் செய்தான், மற்ற மூன்று பேர் ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்திருந்தது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்தேன்.

பிரின்சிபால் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "நக்கோ மேடம். ஐசா நக்கோ லிக்கோ. இப்படியெல்லாம் எழுதாதீங்க. இதை நாம படிக்கப் போறோம்னு நினைச்சீங்களா? வர்ற டீம் படிக்கும்" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. அங்கீகாரம் தருவதற்காக வெளியிலிருந்து ஒரு குழு வரும், நம் ஃபைல்களைப் புரட்டும், அதற்காகத்தான் இதெல்லாம் என்று அன்றைக்குப் புரிந்தது. வேலை போய்விடும் என்று அவர் மிரட்டியிருந்தால், சரி, பயந்துவிட்டேன் என்று இன்றைக்கு உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம். மிரட்டவே இல்லை. "உங்களால முடியும் மேடம்" என்று மட்டும் சொன்னார். நான் இரண்டே நாளில் மாற்றி எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். எல்லார் எதிரிலும் பாராட்டினார். உள்ளங்காலிலிருந்து குளிர்ந்தது எனக்கு. கழுத்தைப் பிடித்து யாரும் தள்ளவில்லை, நானே நடந்து போனேன்.

அதற்கப்புறம் அந்த வேலையில் நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை உண்டு. நாம் வைத்த இலக்கைப் பிள்ளைகள் தொட்டால் கட்டம் பச்சையாகும், தொடாவிட்டால் சிவப்பு. சிவப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த அட்டவணையையே கண்டுபிடித்திருக்கிறார்கள். நாங்கள் என்ன செய்தோம்? பரீட்சை முடிவு வந்த பிறகு உட்கார்ந்து, சிவப்பு பச்சையாகும்வரை இலக்கைக் கீழே இறக்கினோம். கொஞ்சம் இறக்குவது, பார்ப்பது, இன்னும் கொஞ்சம் இறக்குவது. கட்டம் பச்சையாகிற அந்த நிமிஷத்தில் ஒரு சந்தோஷம் வரும் பார், சே, அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. எந்தக் குறைக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் "கூடுதல் பயிற்சி வகுப்புகள் நடத்தப்பட்டன" என்று எழுதுவேன். எந்த ரூமில், எந்தக் கிழமை, யார் நடத்தினார்கள் என்று கேட்காதே. நடக்கவே இல்லை. இத்தனைக்கும் அக்கம்பக்கத்துக் காலேஜ்களில் என்னைக் கூப்பிட்டு மேடையேற்றினார்கள். ஒரு கூட்டத்தில் சின்னப் பெண் ஒருத்தி, அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவள், எழுந்து, "மேடம், இதனால ஸ்டூடண்ட்டுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டாள். "ஸ்டூடண்ட் போயிடுவான்மா, ஃபைல்தான் நிக்கும்" என்றேன். ஹால் முழுக்கச் சிரித்தது. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள்.

இதெல்லாம் உனக்கு ஓரளவு தெரிந்திருக்கும். உனக்குத் தெரியாததற்கு வருகிறேன். நீ எங்கள் காலேஜிலேயே பி.பார்ம் சேர்ந்தாய். அம்மா டீச்சர் என்பதால் சீட் சுலபமாகக் கிடைத்தது. மௌலா அலி வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி இருவரும் சேர்ந்தே போனோம். பஸ்ஸில் நீ எனக்கு இரண்டு சீட் தள்ளித்தான் உட்காருவாய், மற்ற பையன்கள் பார்ப்பார்கள் என்று. நீ மூன்றாம் வருஷம் வந்தபோது எச்.பி.எல்.சி. மெஷினில் பம்ப் போய்விட்டது. நம் ஊரில் எந்த மருந்து கம்பெனிக்குப் போனாலும் குவாலிட்டி கண்ட்ரோல் லேபில் முதலில் உட்கார வைப்பது அந்த மெஷின்முன்தான் என்று எனக்குத் தெரியாதா? மாத்திரையில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து கிராஃபாகக் காட்டுவது அதுதானே. நிர்வாகம் ரிப்பேருக்குக் கையெழுத்துப் போடவில்லை. நானும் இரண்டு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். மெஷினுக்கு நீல உறை போட்டு மூடினோம். பழைய பேட்ச் எடுத்த கிராஃப் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் ஒன்று ஒன்று கொடுத்தோம். அறுபது பேரும் அதே கிராஃபை ரெக்கார்டு நோட்டில் ஒட்டினீர்கள். பிராக்டிகல் பரீட்சையிலும் அதே கிராஃப்தான். எல்லாருக்கும் நல்ல மார்க். அந்த மார்க் அட்டவணைக்குப் போனது. "நவீன கருவிகளைக் கையாளத் தெரியும்" என்ற கட்டம் பச்சையாக மின்னியது. நீ சாப்பிடும்போது கேட்பாய், "அம்மா, ஆ மெஷின் எப்புடு பாகு சேஸ்தாரு?" என்று, எப்போது சரி செய்வார்கள் என்று. "ஆகும் ஆகும், நீ சோத்தைத் தின்னு" என்பேன்.

கடைசி செமஸ்டரில் உங்கள் எல்லாரிடமும் ஒரு ஃபார்ம் கொடுத்தோம். படித்து முடிக்கிறவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதித் தருவது, பெயர் எழுத வேண்டியதில்லை. உங்கள் கிளாஸ் ரெப் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தான். காலை முதல் பீரியடில் பிரித்தேன். ஏழாவது கேள்வி: "ஆய்வுக் கருவிகளை யார் உதவியும் இல்லாமல் இயக்க என்னால் முடியும்." ஐந்துக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. தனியாக எடுத்து எண்ணினேன். அறுபதில் நாற்பத்தொன்று. டீம் வருவதற்கு மூன்று வாரம் இருந்தது. இரண்டு ஜூனியர் லெக்சரர்களைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, புது ஃபார்ம் நாற்பத்தொன்றை நடுவில் வைத்தேன். ஐந்து விதமான பேனா. "எல்லாத்துலயும் அஞ்சு போடாதீங்க, சந்தேகம் வரும். நடுவுல நாலு போடுங்க, அங்கங்க ஒரு மூணு" என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பிள்ளைகள் இரண்டும் தலையைக் குனிந்துகொண்டு எழுதின. அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடங்களில் அதைத்தான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

பழைய ஃபார்ம்களைக் கிழித்துப் போட வேண்டியதுதான் பாக்கி. என்னால் முடியவில்லை. ஏதோ மனசாட்சி என்று நினைத்துவிடாதே. எழுதின பேப்பரைக் கிழிக்கக் கூடாது என்பது வாத்தியார் பழக்கம், வேறொன்றுமில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த உன் அப்பா மேலே இருந்த இரண்டு மூன்றை எடுத்துப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன், பெருமையாகத்தான் சொன்னேன், எப்படிச் சமாளித்தேன் பாருங்கள் என்று. அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் பிரேக் பார்த்தவர். கத்தியைக் கீழே வைத்தார். "பிரேக் டெஸ்ட் பண்ணாமலே பண்ணினேன்னு கையெழுத்துப் போட்டா வண்டி கிளம்பும்டி. நிக்காது" என்றார். "உங்களுக்கு இன்னா தெரியும் காலேஜ் விஷயம்" என்று வாயை அடைத்தேன். பிறகு அவர் கையிலிருந்ததைப் பிடுங்கியபோதுதான் பார்த்தேன். அதில் ஒன்று முழுக்க முழுக்க இங்கிலீஷ் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது, ஒர்க்‌ஷாப் ஜாப் கார்டில் உன் அப்பா எழுதுவாரே அதே மாதிரி. உலகத்தில் அப்படி எழுதுகிறவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர்தான். கீழே இருந்த காலி இடத்தில் நீ எழுதியிருந்தாய்: மெஷினை நாங்கள் யாரும் ஓட்டவில்லை, ஒரே கிராஃபைத்தான் ஒட்டினோம், அடுத்த பேட்சுக்காவது சரி செய்து கொடுங்கள். கடைசியில் ஒரு ப்ளீஸ். என் பிள்ளை, என்னிடம், பெயர் போடாமல், ப்ளீஸ் போட்டுக் கேட்டிருந்தான். படித்தேன். மடித்துக் கட்டின் நடுவில் செருகினேன். பரண்மேல் இருந்த குக்கர் பெட்டிக்குள் போட்டேன். அப்பாவிடம் அது யாருடையது என்று சொல்லவே இல்லை.

டீம் வந்த அன்றைக்கு, பேசுவதற்கென்று எட்டுப் பிள்ளைகளைப் பொறுக்கி உட்கார வைத்தோம். அதில் உன்னையும் போட்டவள் நான்தான். "எது கேட்டாலும் நல்லதா சொல்லுடா, அம்மா மானம்" என்று பஸ் ஸ்டாப்பிலேயே சொல்லிக் கூட்டிப்போனேன். கதவு பாதி திறந்திருந்தது, நான் வராண்டாவில் நின்றேன். வந்திருந்த அம்மாள் ஒருவர், வயதானவர், மிகவும் சாந்தமாக, உன்னைப் பார்த்தே கேட்டார், எச்.பி.எல்.சி. உன் கையால் ஓட்டியிருக்கிறாயா என்று. நீ கதவுப் பக்கம் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். "எஸ் மேம்" என்றாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு சீட் தள்ளி உட்காரவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்தாய். மௌலா அலியில் இறங்குகிறபோது, "ஓகேனா அம்மா?" என்று மட்டும் கேட்டாய். நான் உன் தலையைத் தடவிக்கொடுத்தேன். பொய் சொன்னதற்குப் பெற்ற தாய் தடவிக்கொடுத்த தலை, சீனு, அது.

இனிமேல் எழுதப்போவதற்குத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். பட்டான்செருவில் ஒரு மருந்து கம்பெனியில் உனக்கு வேலை கிடைத்தது. ஷிப்ட் டூட்டி, ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போவாய், அப்படி ஒரு குஷி. மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெஷின்முன் உட்கார வைத்தார்களாம், உனக்கு ஆன் பண்ணவே தெரியவில்லையாம், கூட இருந்தவன் சிரித்தானாம். பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். அன்றைக்கு எனக்கு லீவு. விஷயத்தைக் கேட்டதும் நான் என்ன கத்தினேன் என்பது அடுத்த வீட்டுக்கே தெரியும். "நாலு வருஷமா இன்னாடா கிழிச்சே?" என்றேன். நீ வாயைத் திறந்தாய். "அம்மா, காலேஜ்ல மெஷின் லேது கதா..." என்றாய். மெஷின்தான் இல்லையே என்றாய். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். உன் காலில் விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து வந்தது இது: "மத்தவங்களும் அதே காலேஜ்தானே? ஃபீட்பேக் ஃபார்ம் எல்லாம் நான் பார்த்தவ. எல்லாரும் நல்லா வருதுன்னுதான் எழுதிக் கொடுத்திருக்காங்க. மெஷின் இல்லாமலே அவங்களுக்கு வந்திருக்கு. உனக்கு மட்டும் கைக்கு வரல? மக்கு, மக்கு!"

சொன்னேன். அந்த நாற்பத்தொரு ஃபார்மையும் ஐந்து பேனா வைத்து எழுத வைத்த அதே வாயால் சொன்னேன். நான் போட்ட பொய்யையே சாட்சிக் கூண்டில் ஏற்றி என் பிள்ளைக்கு எதிராகப் பேச வைத்தேன். உன் முகம் அப்போது எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியும். கோபப்பட்டிருந்தால் தேவலை. நீ நம்பினாய். எல்லாருக்கும் வந்திருக்கிறது, எனக்குத்தான் வரவில்லை என்று அந்த நிமிஷமே நம்பிவிட்டாய். "ஹவ்மா" என்றாய், ஆமாம்மா என்று தலையை ஆட்டிக்கொண்டு. அதற்குப் பிறகு எட்டு மாதம் வீட்டில் இருந்தாய், கூடப் படித்த ஒருத்தன் போனையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். எம்.பார்ம் சேரும்போது உனக்குப் பிடித்த அனாலிசிஸை விட்டு, மெஷின் இல்லாத பிரிவாகப் பார்த்து எடுத்தாய். "எனக்குக் கை வராதும்மா" என்றாய். சின்ன வயசில் ரேடியோவைப் பிரித்து மறுபடி பூட்டிப் பாட வைத்தவனுக்குக் கை வராதாம். நான் கேட்டுக்கொண்டேன். பரண்மேல் பெட்டி இருந்தது. ஏணி போட்டு எடுக்க ஐந்து நிமிஷம் ஆகாது. இத்தனை வருஷம் எடுக்கவில்லை. எடுத்தால் நீ மக்கு இல்லை என்று ஆகும், நான் யார் என்றும் ஆகிவிடும். என் பெயரைக் காப்பாற்ற உன் பெயரைக் கெடுத்தேன். இதைவிடப் பச்சையாக எனக்கு எழுதத் தெரியவில்லை.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் திருட்டுப் போகிற வழி வாசலில் நிற்பவனைவிடத் திருடினவனுக்கு நன்றாகத் தெரியும், அதனால் கேட்டுக்கொள். இலக்கை வருஷ ஆரம்பத்திலேயே எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடு. முடிவு வந்த பிறகு யாராலும் தொட முடியாது, உன்னாலும்தான். முப்பது விஷயத்தை அளக்காதே, உங்கள் டிபார்ட்மெண்ட் தலைவர் அளக்கச் சொல்வார், தாளுக்குக் கனம் வேண்டும் அவருக்கு. இரண்டு போதும், மூன்று போதும், ஆனால் கண்ணால் பார். பிள்ளையைத் தனியாக நிறுத்தி, செய்துகாட்டச் சொல்லி, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நில். பாடம் எடுத்த டீச்சரே அதைப் பார்க்க வேண்டாம், பக்கத்து டிபார்ட்மெண்டிலிருந்து ஒருத்தரைக் கூப்பிடு. தன் பிள்ளைக்குத் தானே ஜாதகம் பார்த்தால் எல்லாக் கட்டமும் நன்றாகத்தான் தெரியும். சிவப்பு வந்தால் பதறாதே. அந்த ஃபார்ம் கட்டை அன்றைக்கே நிர்வாகத்தின் மேஜையில் போட்டு, இதோ நாற்பத்தொரு பேர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள் என்று நான் சொல்லியிருந்தால் அந்தப் பம்ப் வந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். என் கையில் இருந்ததிலேயே பெரிய ஆயுதத்தை நான் பரணில் வைத்துப் பூட்டினேன். மெஷின் உங்களுக்கு அடுத்த இரண்டு பேட்சுக்கும் நீல உறைக்குள்ளேதான் இருந்தது.

எனக்கு வேலை இன்னும் ஒரு வருஷம்தான். போன வாரம் பிரின்சிபாலிடம் போய், இந்த வருஷம் பழையபடி ஒவ்வொரு பிள்ளையையும் தராசுமுன் நிறுத்திப் பார்க்கப் போகிறேன், வருவதை வந்தபடி எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். இவர் புதியவர், யோசித்துச் சொல்கிறேன் என்றார். அங்கீகாரம் கொடுத்தவர்களுக்கு எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. வந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னால் அதுவும் இன்னொரு பச்சைக் கட்டமாகிவிடும், அதனால் வரவில்லை என்றே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். உன் டிபார்ட்மெண்டில் யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டு. என்னோடு உட்கார்ந்து எழுதின அந்த இரண்டு ஜூனியர்களுக்கும் ஆளுக்கு ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன். உன் அப்பாவுக்கு நேற்று வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து வெளியே போனவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பெட்டியைக் கட்டின கயிறு மட்டும் அவர் கட்டினது. நான் போட்ட முடிச்சு நிற்கவில்லை என்றார்.

இப்போது பெட்டியைப் பிரி. மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படி, ஏழாவது கேள்வியையும் அடியில் எழுதியிருப்பதையும். உன்னுடையதைத் தனியாக எடுத்து வைக்கலாமா என்று பார்த்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நாற்பத்தொன்றில் ஒன்றாக நடுவில் எங்கேயோ இருக்கிறது. பெரிய எழுத்தைப் பார்த்து உடனே கண்டுபிடித்துவிடாதே, மற்றவர்களுடையதைப் படித்துக்கொண்டே வா. எல்லாரும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள், கண்ணா.

அம்மா